வெள்ளம் வருமுன் அணைகோலுதல்: குமரி நாட்டு அவசர மருத்துவப் பணியின் வரலாறு

முன்னுரை

நாஞ்சில் நாட்டு உழவர் மழைக்காலம் தொடங்குமுன் குளக்கரையைச் சுற்றி வந்து பார்ப்பது பழைய வழக்கம். கரையில் நண்டு வளை கண்டால் மண்ணிட்டு அடைப்பர், மடையைச் சோதிப்பர், மறுகால் பாயும் வழியில் செடி கொடி மண்டியிருந்தால் அதனை அகற்றுவர். நள்ளிரவில் கரை உடைந்தபின் ஊரே திரண்டு மண் சுமந்தாலும் பயிரைக் காத்தல் அரிது என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தனர். வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்னும் பழமொழி இம்மண்ணில் ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஆண்டுதோறும் செய்யப்பட்ட வேலையாகும்.

இவ்வறிவு நமது திருச்சபைகளின் இரக்கப் பணியில் எந்த அளவுக்கு இடம்பெற்றுள்ளது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. பேரழிவு நேர்ந்தபின் உணவும் உடையும் சுமந்து ஓடுவதில் குமரி நாட்டுச் சபைகள் பின்தங்கியதில்லை. ஆயினும், அழிவு வருமுன் ஆயத்தம் செய்வதையும் நாம் திருப்பணி என்று கருதியிருக்கிறோமா? இம்மாவட்டத்தின் மருத்துவப் பணி வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவானதொரு விடை தருகிறது. ஊர்தோறும் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் இருந்தபோது பணி நிலைத்தது. சிறந்த ஒருவரை மட்டும் நம்பியிருந்தபோது அவரோடு பணியும் முடங்கியது. இவ்வுண்மையை வரலாற்று நிகழ்ச்சிகள் வாயிலாக நிறுவுவதே நமது நோக்கம்.

நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் குறிக்கும். அதற்கு மேற்கே கல்குளமும் விளவங்கோடும் உள்ளன. திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த இந்நான்கு வட்டங்களும் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் என்னும் பெயருடன் தமிழகத்தோடு இணைந்தன. இக்கட்டுரையில் இந்நிலப்பரப்பு முழுவதையும் குமரி நாடு என்றே வழங்குகிறோம்.

1. ஒருவரை நம்பியிருந்த காலம்

இலண்டன் மிஷனெரி சங்கத்தார் அனுப்பிய மருத்துவர் ஆர்ச்சிபால்டு இராம்சே 1838ஆம் ஆண்டு நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபையின் மருத்துவத் திருப்பணிக்கு இதுவே தோற்றுவாய். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அவர் பணியை விட்டு நீங்கவே, தொடங்கிய வேலை நின்றுபோயிற்று. பத்தாண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுந்தது. அதன்பின் மருத்துவர் சார்லஸ் லீச் என்பார் வந்தார். மக்கள் திரளாக அவரை நாடி வந்தனர். ஆனால், 1854ஆம் ஆண்டு முட்டம் கடலில் நீராடச் சென்ற அவர் அலையில் சிக்கி உயிர் துறந்தார். பிறர் உயிரைக் காக்க வந்தவரின் உயிரைக் கடல் கொண்டது.

இளைஞரான ஒரு மருத்துவரின் மறைவு துயரமானது. அதற்குப்பின் நேர்ந்தது வரலாற்று மாணவன் கருத்தூன்றி நோக்க வேண்டியதாகும். 1854 முதல் 1861 வரை ஏழாண்டுகள் நெய்யூரில் மருத்துவ மிஷனெரி எவரும் இல்லை. அவ்வேழாண்டுகளில்தான் தென் திருவிதாங்கூர் கொடிய சோதனைகளைச் சந்தித்தது. தோள்சீலைக் கலகத்தின் கொந்தளிப்பு 1859இல் உச்சத்தை எட்டியது. அதன் புண் ஆறுமுன்னரே 1860இல் மழை பொய்த்துப் பஞ்சம் தாக்கியது. பஞ்சத்தின் பின்னாலேயே வாந்திபேதி நோய் வந்தது. மிஷனெரிமாரும் சபையாரும் கஞ்சித் தொட்டி அமைத்தும் நிதி திரட்டியும் இயன்றவரை உழைத்தனர். எனினும் நோய்க்கு மருந்தளிக்கவும் நீரிழந்த உடலைப் பேணவும் பயின்ற கைகள் மிகச் சிலவே. இரக்கத்திற்குக் குறைவில்லை, ஆயத்தம் இல்லை. இராம்சேயும் லீச்சும் தம்மால் இயன்றதைச் செய்தனர். தம் அறிவை உள்ளூராரிடம் ஒப்படைத்துச் செல்ல அவர்களுக்கு வாய்ப்பில்லாது போயிற்று.

2. ஜான் லோவ் தொடங்கிய வகுப்பு

1861ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவர் ஜான் லோவ் நெய்யூர் வந்து சேர்ந்தார். பஞ்சமும் கொள்ளைநோயும் விட்டுச்சென்ற சிதைவுகளைக் கண்ட அவர், ஓர் உண்மையை விரைவில் உணர்ந்தார். நெய்யூரில் எத்துணைப் பெரிய மருத்துவமனை எழுப்பினாலும், பத்து கல் தொலைவிலுள்ள ஊரில் நள்ளிரவில் வாந்திபேதி கண்டவனுக்கு அதனால் பயனில்லை. கட்டை வண்டி நெய்யூரை அடையுமுன் உயிர் போய்விடும். ஆகவே நோயாளியிடம் செல்லத்தக்க மருத்துவர் அவனது ஊருக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும்.

இந்நோக்குடன் 1864ஆம் ஆண்டு அவர் மருத்துவ வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். உள்ளூர்ச் சபைகளிலிருந்து இளைஞர் சிலர் தெரிந்தெடுக்கப்பட்டனர். உடலமைப்பு, மருந்தியல், நோயறிதல், அறுவை மருத்துவம் ஆகியவற்றை அவர்கள் நோயாளிகளின் படுக்கையருகே நின்று கற்றனர். பயிற்சி முடித்தவர் மருத்துவ நற்செய்தியாளர் எனப்பட்டனர். கிளை மருந்தகங்களில் அமர்த்தப்பட்டனர்.

இம்முயற்சி சோதிக்கப்படும் நாள் விரைவில் வந்தது. குடும்பத்தில் நேர்ந்த நோயின் காரணமாக லோவ் 1868இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. அடுத்த மருத்துவரான தாம்சன் 1873இல்தான் வந்தார். இடைப்பட்ட ஐந்தாண்டுகள் நெய்யூரில் மீண்டும் ஐரோப்பிய மருத்துவர் இல்லை. ஆனால், இம்முறை பணி நிற்கவில்லை. லோவிடம் கற்ற உள்ளூர் இளைஞர் மருந்தகங்களை நடத்தினர். 1854இல் ஒருவர் இறந்ததும் முடங்கிய பணி, 1868இல் ஒருவர் சென்றபின்னும் தொடர்ந்தது. இவ்விரு இடைவெளிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் பதினான்கு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் விளங்கும். அவ்விடைக்காலத்தில் உருவானது ஒரு சிறு வகுப்பே.

ஈண்டு ஒரு குறையையும் மறைக்கலாகாது. அம்மருத்துவ நற்செய்தியாளரின் பெயர்கள் நமது சபை வரலாறுகளில் அருகியே காணப்படுகின்றன. ஐரோப்பியரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டன. பனங்காட்டினூடே மருந்துப் பெட்டியைச் சுமந்து நடந்தவர் நினைவிலிருந்து நீங்கினர். நாம் யாரைப் போற்றுகிறோமோ அவரைப் போன்றோரையே எதிர்பார்த்துக் காத்திருப்போம். சாமானியரை மறந்த வரலாறு, சாமானியர் எதையும் செய்யவியலாது என்று அடுத்த தலைமுறைக்குக் கற்பித்துவிடும்.

3. குளியலறையும் கிளை மருத்துவமனையும்

நாகர்கோவிலிலுள்ள கேதரின் பூத் மருத்துவமனையின் தொடக்கமும் இதனையே வலியுறுத்துகிறது. 1890களில் இரட்சணிய சேனையின் இளம் ஊழியரான ஹாரி ஆண்ட்ரூஸ், தமது இல்லத்தின் குளியலறையையே மருந்தகமாக்கிக் கொண்டார். அக்காலத்தில் அவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். புண்ணைக் கழுவிக் கட்டவும் எளிய மருந்துகளை அளிக்கவும் அறிந்திருந்த ஓர் ஊழியரே. முதலுதவி அறிந்த ஒருவரின் குளியலறையிலிருந்து ஒரு மருத்துவமனை வளர்ந்தது. 1900ஆம் ஆண்டு வந்த மருத்துவர் பெர்சி டர்னர் அதனை விரிவாக்கினார். ஆண்ட்ரூஸ் பின்னர் மருத்துவக் கல்வி பெற்று, 1919ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் வசீரிஸ்தான் எல்லைப்புறத்தில் குண்டு மழைக்கிடையே காயமுற்றோரை வண்டியிலேற்றி அனுப்புகையில் உயிர் நீத்தார். அவர் மறைந்தபின் விக்டோரியா சிலுவை விருது அவருக்கு வழங்கப்பட்டது.

நெய்யூரின் புகழ் மருத்துவர் ஹோவார்டு சாமர்வெல் காலத்தில் ஓங்கியது. எவரெஸ்டு மலையேறும் குழுவில் 1922இல் அவர் இடம்பெற்றார். அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் பனிச்சரிவில் சுமையாளர் எழுவர் மாண்டனர். அத்துயரம் அவர் உள்ளத்தை வாட்டியது. அதன்பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகளின் நீண்ட வரிசையையும், அவர்களுக்குப் போதாத மருத்துவர் நிலையையும் கண்டு அங்கேயே பணியாற்றத் துணிந்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்டு சென்று திரும்பியபின், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அணித்தாக நெய்யூரில் உழைத்தார். அவர் காலத்தில் கதிர்ப்படக் கருவி, புற்றுநோய்க்கு ரேடியம் மருத்துவம் ஆகியன சிறந்தன. எனினும் நமது ஆய்வுக்கு இன்றியமையாதது வேறு. நெய்யூர் தனித்து நிற்கவில்லை. கிளை மருத்துவமனைகள் பலவற்றின் நடுவமாக விளங்கியது. அங்கெல்லாம் அன்றாடப் பணியை இந்திய மருத்துவரும் செவிலியரும் நடத்தினர். சாமர்வெல் முறை வைத்துச் சென்று அரிய அறுவை மருத்துவங்களைச் செய்தார். லோவ் விதைத்த கருத்து இவ்வாறு ஓர் அமைப்பாக முதிர்ந்தது.

4. ஆழிப்பேரலையின் நாள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் மறுநாள். காலை ஏறத்தாழ 6.30 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. எழுந்த அலைகள் இலங்கையைச் சுற்றி வளைந்து, குமரி முனையைக் கடந்து மேற்குக் கடற்கரையையும் தாக்கின. நிலநடுக்கத்திற்கும் அலையின் வருகைக்கும் இடையே மணிக்கணக்கில் நேரம் இருந்தது. ஆனால், செய்தியைக் கரைக்குக் கொண்டுவர எவ்வழியும் அன்று இல்லை.

தமிழகத்தில் நாகப்பட்டினத்திற்கு அடுத்தபடியாக மிகுந்த உயிர்ச்சேதம் குமரி மாவட்டத்திலேயே நேர்ந்தது. ஏறத்தாழ 800 பேர் மாண்டனர். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் சிதைந்தன. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தை அலை பெயர்த்தெறிந்தது. கொட்டில்பாட்டில் கடலுக்கும் ஊருக்கு அப்பாலுள்ள நிலத்திற்கும் இடையே அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் குறுக்கிட்டது; தப்பியோட முயன்றோர் பலருக்கு அதுவே எமனாயிற்று. பாலங்களின் எண்ணிக்கையும் தப்பும் வழியும் ஒரு சமூகத்தின் உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அந்நாளில் முதலில் உதவிக்கு வந்தோர் யார்? விவேகானந்தர் பாறையில் சிக்கித் தவித்த நூற்றுக்கணக்கான பயணிகளைக் கரைசேர்க்கத் தம் படகுகளைக் கடலில் இறக்கியவர் குமரி மீனவர். தம் ஊரையே அலை தாக்கிய நாளில் அவர்கள் பிறரை மீட்கச் சென்றனர். கரையோர ஊர்களில் அண்டை அயலாரே முதலில் மீட்டனர். காயமுற்றோரைத் தோளிலும் வண்டியிலும் சுமந்தனர். இது குமரிக்கு மட்டும் உரிய நிலையன்று. 1995ஆம் ஆண்டு ஜப்பானின் கோபே நகர நிலநடுக்கத்திலும் இடிபாடுகளினின்று உயிருடன் மீட்கப்பட்டோரில் பெரும்பாலோரைக் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே மீட்டனர். அரசின் படை வருமுன் கழியும் முதல் சில மணிநேரமே உயிரையும் சாவையும் தீர்மானிக்கிறது. அந்நேரம் அண்டை வீட்டானின் நேரம்.

அதே நாளில் சுமத்திராவுக்கு அருகிலுள்ள சிமலூவே என்னும் தீவில் நிகழ்ந்ததையும் நோக்குவோம். நிலநடுக்க மையத்திற்கு மிக அணித்தாயிருந்தும், ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் மாண்டோர் எழுவர் என்றே கணக்கிடப்பட்டது. 1907ஆம் ஆண்டு அங்கு ஒரு பேரலை வந்திருந்தது. நிலம் நீண்ட நேரம் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்னும் அறிவுரையை அத்தீவின் முதியோர் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். அவர்களிடம் எச்சரிக்கைக் கருவி எதுவுமில்லை. காக்கப்பட்ட நினைவு இருந்தது.

5. ஒக்கிப் புயல் எழுப்பிய வினா

2004க்குப்பின் அரசு பல ஏற்பாடுகளைச் செய்தது. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. 2008இல் 108 அவசர ஊர்திப் பணி தமிழகத்தில் தொடங்கப்பெற்றது. ஆசாரிப்பள்ளத்தில் காசநோய் மருத்துவமனை இருந்த வளாகத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வளர்ந்தது. இவையனைத்தும் நன்றியுடன் ஏற்கத்தக்கன.

ஆயினும் 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் மிக விரைவாக வலுப்பெற்றபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் கரையினின்று வெகுதொலைவில் இருந்தனர். அன்று வெளியிடப்பட்ட புயல் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அவர்களிடமிருந்த கருவிகளுக்கு அத்துணைத் தொலைவு எட்டும் ஆற்றலும் இல்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 200 மீனவர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இம்மாவட்டத்தார். உள்நாட்டிலோ இரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து வழிகளை அடைத்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருளில் கிடந்தன. டிசம்பர் 7ஆம் நாள் குழித்துறையில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் இரயிலை மறித்துத் தம் உறவினரைத் தேடித் தருமாறு வேண்டினர். காணாமற்போனோரின் பெயர்களைத் தொகுப்பதில் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகள் பெரும் பணியாற்றின. யார் வீட்டில் யார் இல்லை என்பதைப் பங்கு அறிந்திருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒரே குறை இரு வடிவில் வெளிப்பட்டது. நடுவத்தில் அறிவு இருந்தது. விளிம்பிலிருந்தோருக்கு அது சென்றடையவில்லை. 1861இல் லோவ் நெய்யூரில் கண்ட குறையும் இதுவே. காலம் மாறினும் வினா மாறவில்லை.

6. திருமறையின் ஒளியில்

ஆயத்தம் செய்தல் இறைநம்பிக்கையின் குறைவைக் காட்டும் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்னும் சொல் நம் நாவில் எளிதில் வருகிறது. திருமறை அவ்வாறு கற்பிக்கவில்லை. ஏழாண்டு வளமைக்குப்பின் பஞ்சம் வரும் என்று உணர்ந்த யோசேப்பு, அதை அறிவித்ததோடு அமையாமல் நகரந்தோறும் தானியம் சேர்த்து வைத்தான். உபாகமம் 22ஆம் அதிகாரம், புது வீடு கட்டுவோன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் எனக் கட்டளையிடுகிறது. இல்லையேல் ஒருவன் விழுந்து சாகும் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். விபத்து நேருமுன் தடுப்பதும் கடவுளின் திருச்சட்டமே என்பது இதனால் விளங்கும். அகபு பஞ்சத்தை முன்னறிவித்தபோது அந்தியோகியா சபையார் வாளாவிருக்கவில்லை. யூதேயாவிலிருந்த சகோதரருக்கு அவரவர் திராணிக்கேற்ப உதவி அனுப்பத் தீர்மானித்தனர்.

நல்ல சமாரியன் உவமையை நாம் இரக்கத்தின் உவமையாகவே பெரிதும் போதித்து வந்துள்ளோம். அவன் எண்ணெயும் திராட்சை இரசமும் கையில் வைத்திருந்தான்; காயம் கட்ட அறிந்திருந்தான்; ஏற்றிச் செல்ல வாகனம் இருந்தது; சேர்க்க ஒரு சத்திரமும், தொடர்ந்து பேணப் பணமும் இருந்தன. இரக்கம் அவனை நிற்கச் செய்தது. ஆயத்தமே அடிபட்டவனைப் பிழைக்கச் செய்தது. விபத்தில் அடிபட்டோருக்கு உதவுவோரைத் தொல்லையினின்று காக்க உச்ச நீதிமன்றம் 2016இல் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. அச்சட்டம் அத்தகையோரை நல்ல சமாரியன் என்றே பெயரிட்டழைக்கிறது. நாட்டின் சட்டமே நமது ஆண்டவரின் உவமையை எடுத்தாளும்போது, நாகர்கோவில் வீதியில் விபத்து நேர்ந்தால் காவல்நிலைய அச்சத்தால் நம்மவர் விலகிச் செல்வரேல், ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் நாம் எவ்வாறு வேறுபடுவோம்?

7. நகரச் சபைகளின் கடமை

நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியாயிற்று. கோட்டாறு, வடசேரி, மீனாட்சிபுரம் பகுதிகளின் குறுகிய வீதிகளில் அவசர ஊர்தி நெரிசலைக் கடந்து வருமுன் கழியும் நிமிடங்கள் விலைமதிப்பற்றவை. 2021 நவம்பர் மழையில் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்ததையும் இம்மாவட்டம் மறவாது. இச்சூழலில் சபைகள் செய்யத்தக்கவை பெரும்பொருள் வேண்டுபவை அல்ல.

முதலாவது, பயிற்சி. குருதிப் பெருக்கை அழுத்தி நிறுத்தல், மூச்சும் நாடியும் நின்றவனுக்கு மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டல், நீரில் மூழ்கியவனைப் பேணல், எலும்பு முறிந்தவனை அசையாது தூக்கல், பாம்பு கடித்தவனைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் விரைந்து மருத்துவமனை சேர்த்தல் ஆகியவற்றைப் பெண்கள் ஐக்கியத்தாரும் வாலிபரும் கற்கலாம். பகல் வேளையில் ஊரில் இருப்போர் பெரும்பாலும் பெண்களும் முதியோருமே. ஆதலால் ஆண்களுக்கு மட்டும் பயிற்சியளித்தல் பயனற்றது. நமது மருத்துவமனைகளின் செவிலியரே இதற்குத் தக்க ஆசிரியர். ஒருமுறை கற்றால் போதாது. ஆண்டுதோறும் மீண்டும் பழக வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. எந்த வீட்டில் நடக்கவியலாத முதியவர் உள்ளார், யார் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்பவர், எவள் நிறைமாதக் கருவுற்றவள் என்பதைச் சபை மூப்பர் அறிவார். அவ்வறிவைச் சபை எல்லைக்குள் அடைக்காமல், தெருவிலுள்ள அனைத்துச் சமயத்தாருக்கும் உரியதாக்க வேண்டும். வெள்ளம் வீட்டின் சமயத்தைக் கேட்டு நுழைவதில்லை. கடற்கரையின் கத்தோலிக்கரும் உள்நாட்டின் சீர்திருத்தத் திருச்சபையாரும் இந்துக்களும் இசுலாமியரும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிட வேண்டும்.

மூன்றாவது, நினைவு. டிசம்பர் 26ஆம் நாள் கடற்கரை ஊர்களில் கண்ணீருடன் நினைவு கூரப்படுகிறது. எகிப்தினின்று விடுதலையான மக்கள், பிள்ளைகள் பொருள் கேட்கும்போது விளக்கிச் சொல்லும்படி பஸ்காவை ஆசரித்தனர். நமது நினைவு வழிபாடும் அவ்வாறே கற்பிப்பதாக அமைதல் நலம். கடல் உள்வாங்கினால் எவ்வழியே ஓடுவது, எந்தப் பள்ளி மேட்டில் உள்ளது, கோயில் மணி எவ்வாறு ஒலித்தால் அபாயம் என்பதை அன்றைய நாளிலேயே ஞாயிறு பள்ளிச் சிறுவர் நடந்து பார்த்துக் கற்கலாம். 2004க்குப்பின் பிறந்தோர் இன்று வாலிபராகிவிட்டனர். அவர்களுக்கு அப்பேரலை பிறர் கூறும் செய்தி மட்டுமே.

முடிவுரை

அழிவுக்குப்பின் நாம் அளிக்கும் உதவிக்குச் சாட்சிகள் பலர் உண்டு. ஆயத்தப் பணிக்கு அத்தகைய புகழ் இல்லை. நிகழாமற்போன சாவை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவேதான் அது எளிதில் கைவிடப்படுகிறது. நமது சபையின் ஆண்டு வரவுசெலவில் அசன விருந்துக்கு ஒதுக்கப்படும் தொகையில் எத்தனை பங்கு முதலுதவிப் பயிற்சிக்கு ஒதுக்கப்படுகிறது என்று ஒவ்வொரு சபையும் தன்னையே வினவுவதாக.

1864ஆம் ஆண்டு நெய்யூரில் சில இளைஞர் ஒரு நோயாளியின் படுக்கையைச் சுற்றி நின்று கற்றபோது, நான்கு ஆண்டுகளில் தாமே பொறுப்பேற்க நேரிடும் என்பதை அறிந்திருக்கமாட்டார்கள். பொறுப்பு வந்த நாளில் அவர்கள் கைகள் பழகியிருந்தன. இன்று நமது இறையியல் மாணவரும் சபை ஊழியரும் தமது ஊரில் அத்தகைய வகுப்பொன்றைத் தொடங்க முற்படுவரேல், இவ்வரலாற்றைக் கற்றதன் பயன் அதுவே.